தையல் மெஷினும் பக்கவாட்டுக் கட்டாவும்

அன்று காலை பல் துலக்கும்போதே லிஃப்ட்காரர் தீர்மானித்துவிட்டார். இனி யாருக்கும் பணிவதில்லை. மாஸ்டருக்கும் இல்லை, மனைவிக்கும் இல்லை. கராத்தே வகுப்புக்குள் நுழையும்போது ஒரு தரம் குனிவார், வெளியே வரும்போது ஒரு தரம் குனிவார். அது குனிவது. பணிவது வேறு. இந்த வித்தியாசம் உலகத்துக்குப் புரியாவிட்டால் அது உலகத்தின் குறை.

ஊரில் உள்ள மாடிக் கட்டடங்களின் லிஃப்டுகளுக்கு எண்ணெய் விடுவதும், நடுவில் நின்றுபோனால் போய்க் கிளப்பிவிடுவதும் அவருடைய வேலை. அதனால்தான் அந்தப் பெயர். தொப்பை எட்டிப் பார்த்த வயதில் கராத்தேயில் சேர்ந்தார். சேர்ந்த நாளிலிருந்து கை ஓய்ந்தாலும் வாய் ஓயவில்லை. ஒவ்வொரு அசைவுக்கும் "இது எதுக்கு மாஸ்டர்?" என்று கேட்பார். மாஸ்டர் ஒவ்வொரு முறையும் "செய்யுங்க, அர்த்தம் தானா வரும்" என்பார். லிஃப்ட்காரருக்கு எதுவும் தானாக வந்து பழக்கமில்லை. தானாக வரவேண்டிய லிஃப்டே வராமல்தானே அவரைக் கூப்பிடுகிறார்கள்.

கட்டா என்பது எதிரே ஆள் இல்லாமல், ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு போடும் சண்டை. அடி, தடுப்பு, உதை எல்லாம் வரிசை மாறாமல் வரவேண்டும். கல்யாணமாகி வருஷக்கணக்கான ஆண்களுக்கு இது சுலபமாகவே வரும். எதிரே ஆள் இல்லாதபோது வீரம் காட்டி ஏற்கெனவே பழகியிருப்பார்கள்.

லிஃப்ட்காரரைப் பிடித்து ஆட்டியது ஒரே ஒரு கட்டா. பக்கவாட்டுக் கட்டா. அதில் முன்னால் போவது கிடையாது, பின்னால் வருவதும் கிடையாது. குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி காலை அகட்டி, முழங்காலை மடக்கி, நண்டு மாதிரி பக்கவாட்டிலேயே போகவேண்டும். போகிற போக்கில் ஒரு காலை மற்றக் காலுக்குக் குறுக்கே போட்டு எதையோ தாண்டவேண்டும். நடுவில் திடீரென்று ஒரு பாதத்தைத் தொடைவரை தூக்கி, சட்டென்று பழைய இடத்திலேயே வைக்கவேண்டும். எதற்கு? யாருக்கும் தெரியாது. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு போடும் சண்டை என்றார் ஒருவர். படகு விளிம்பில் நின்று போடும் சண்டை என்றார் இன்னொருவர்.

"எல்லாம் தப்பு" என்றார் லிஃப்ட்காரர். "இது லிஃப்டுக்குள்ள போடற சண்டை."

வகுப்பே சிரித்தது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "இந்தக் கட்டா உங்க லிஃப்ட் வர்றதுக்கு ரொம்ப முந்தியே வந்துடுச்சு" என்றார்.

"அப்ப இதைக் கண்டுபிடிச்சவருக்கு முன்யோசனை ஜாஸ்தி, மாஸ்டர்."

மாஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். "சரி. ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் வந்து விளக்குங்க. முக்கியமா அந்தக் காலைத் தூக்கறது எதுக்குன்னு சொல்லணும். பொருந்தினா நான் ஒத்துக்கறேன். பொருந்தலேன்னா அதுக்கப்புறம் என் வகுப்புல நீங்க வாயே திறக்கக் கூடாது."

இப்படித்தான் அந்தப் பல் துலக்கும் தீர்மானம் பிறந்தது. மனைவியை ஏன் அதில் சேர்த்தார் என்றால், அங்கேயும் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. அது சன்னல் சண்டை.

வீட்டில் நல்ல வெளிச்சம் வரும் சன்னல் ஒன்றே ஒன்றுதான். முன்னறையில் இருந்தது. அதன் அடியில் லிஃப்ட்காரரின் சாய்வு நாற்காலி கிடந்தது. அவருடைய மனைவி தையல் வேலை செய்பவள். அவளுடைய மெஷின் பின்னறையில், ஒரு மஞ்சள் பல்புக்குக் கீழே நின்றது. இரும்புக் கால்களும் மிதிபலகையும் உள்ள பழைய காலத்து மெஷின். ஒரு பாண்டு வாத்தியக் குழுவுக்குக் கோட்டு தைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தாள். கறுப்புத் துணி, கறுப்பு நூல். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் எது துணி, எது நூல் என்று ஊசிக்கே தெரியாது. போன வாரம் ஒரு காலர் கோணிவிட்டது. குழுத்தலைவர் கோட்டைத் திருப்பிக் கொடுத்து, இன்னொன்று இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். கண்வலியா அழுகையா என்று லிஃப்ட்காரர் கேட்கவில்லை.

"ஏங்க, மெஷினைச் சன்னல் பக்கம் போட்டுக்கறேனே."

"பின்னறையில பல்பு இருக்குல்ல? பகல்லயும் எரியுமே."

"பல்பும் சூரியனும் ஒண்ணா?"

"சரி, போட்டுக்கோ. எப்படிக் கொண்டு வருவே? நடைவழியைப் பார்த்தியா? ஒரு ஆளே ஒடுங்கித்தான் போகணும். கடைசியில ஒரு வளைவு வேற. முன்னால ஒருத்தர் பின்னால ஒருத்தர் பிடிச்சா வளைவுல மாட்டிக்கும். நான் லிஃப்ட்காரன். எதுக்குள்ள எது போகும்னு எனக்குத் தெரியாதா?"

"பின்னறைக்கு மட்டும் எப்படி வந்துச்சாம்?"

"அது பின்வாசல் வழியா வந்தது. இப்ப அங்க பக்கத்து வீட்டுக்காரர் சுவர் எழுப்பிட்டாரு. அவர்கிட்டப் போய்க் கேளு."

அவள் விடவில்லை. இவரும் விடவில்லை. கடைசியில் லிஃப்ட்காரர் எழுந்து நின்று, வலது கையை இடுப்பில் வைத்து, இடது கையை நீட்டி, கட்டா போடுகிற தோரணையில் சபதம் செய்தார்.

"அந்த மெஷின் இந்தச் சன்னலுக்குக் கீழ வந்துடட்டும். உன் கோட்டுக்கெல்லாம் நானே உட்கார்ந்து பட்டன் தைக்கறேன். போதுமா?"

அவள் நடைவழியை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பேச்சில் ஜெயித்துவிட்டோம் என்று லிஃப்ட்காரர் நினைத்தார். கல்யாணமான ஆண் இப்படி நினைக்கும்போதெல்லாம் வீட்டில் ஏதோ ஒன்று ஆரம்பமாகிறது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை நெருங்கியது. சண்டை போட்டுப் பார்க்க எதிரி தேவைப்பட்டது. வகுப்பில் யாரும் வர மறுத்துவிட்டார்கள். லிஃப்ட்காரர் அடிப்பதைவிட அதிகமாக விளக்குவார் என்பது அவர்களுக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் முன்னறைக்கு மனைவியைக் கூப்பிட்டார்.

"வந்து என் மணிக்கட்டைப் பிடி."

"எதுக்கு?"

"நீதான் எதிரி."

"இப்பவாவது வாய்விட்டுச் சொன்னீங்களே."

"சும்மா பிடி. இதோ பாரு, கட்டாவுல ஒரு கையை இடுப்புக்கு இழுத்துக்கறோம்ல? எல்லாரும் அது சும்மா அழகுக்குன்னு நினைக்கறாங்க. இல்ல. என்னைப் பிடிச்சவன் கையை நான் பிடிச்சு இழுக்கறேன். அவன் நிலைதடுமாறி என்மேல வந்து விழறான். அப்ப இந்தக் கை அவன் மூஞ்சியில இறங்குது. பார்த்தியா உள்ளர்த்தத்தை?"

இழுத்தார். அவள் சுலபமாக வந்தாள். வந்தவள் நிற்காமல் அவரைக் கடந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

"எங்க போறே?"

"நீங்கதானே இழுத்தீங்க? வந்த வேகத்துல அடுப்பை அணைச்சுட்டு வந்துடறேன்."

திரும்பி வந்தாள். லிஃப்ட்காரர் பொறுமையாக மறுபடி ஆரம்பித்தார்.

"இப்ப நாம லிஃப்டுல இருக்கோம். ஒரு தடியன் உன் கையைப் பிடிக்கறான். நீ என்ன செய்வே?"

"அடுத்த மாடியில இறங்கிடுவேன்."

"இறங்க முடியாது. லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு."

"நீங்க ரிப்பேர் பண்ணின லிஃப்டா?"

லிஃப்ட்காரர் சண்டையை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார். அவள் தரையில் உட்கார்ந்து ஒரு கோட்டுக்குக் கைத்தையல் போட ஆரம்பித்தாள். துணியைப் பார்த்தபடியே பேசினாள்.

"தப்பு உங்கமேல இல்லீங்க. எதிரிமேலதான். நான் லேசா இருக்கேன். இழுத்தா வந்துடறேன். நிஜ எதிரி இழுத்ததும் வருவானா?"

"வரமாட்டான்."

"கனமா இருப்பான்."

"இருப்பான்."

"வாய் பேசமாட்டான்."

"அது ரொம்ப முக்கியம்" என்றார் லிஃப்ட்காரர் உணர்ச்சியோடு.

"அப்புறம் இடம். இவ்வளவு பெரிய முன்னறையில நின்னுக்கிட்டு லிஃப்டுன்னா எப்படி? லிஃப்ட் மாதிரி இடுக்கா ஒரு இடம் வேணும். நம்ம வீட்டுல அதெல்லாம் எங்க இருக்கு?" என்று பெருமூச்சு விட்டாள்.

லிஃப்ட்காரர் துள்ளி எழுந்தார். நடைவழிக்கு ஓடினார். முதுகை ஒரு சுவரில் ஒட்டி, கையை நீட்டி எதிர்ச் சுவரைத் தொட்டார். முழுசாக நீட்டக்கூட இடமில்லை. "சின்னக் கட்டடத்து லிஃப்ட் இதேதான்! இதே அளவுதான்!" என்று கத்தினார். இடம் கிடைத்துவிட்டது. இனி எதிரி. கனமானவன், வாய் பேசாதவன், இழுத்தால் வராதவன். அவர் கண் நடைவழியின் மறுகோடிக்குப் போனது. பின்னறையில், மஞ்சள் பல்புக்கடியில், இரும்புக் காலை அகட்டி, குதிரை நிலையில் அது நின்றுகொண்டிருந்தது.

"வேண்டாங்க!" மனைவி ஓடிவந்து மெஷினைக் கட்டிக்கொண்டாள். "இது என் உசிரு! இதுமேல கை வைக்காதீங்க!"

"தள்ளு."

"உங்களால அசைக்கவே முடியாது. நீங்களே சொன்னீங்க, இது நடைவழியில போகாதுன்னு."

"யாரால போகாது? சாதாரண ஆளால போகாது."

"இடுப்புப் பிடிச்சுக்கும். வயசைப் பாருங்க."

வயசைப் பற்றி அவள் பேசியிருக்க வேண்டாம். லிஃப்ட்காரர் உள்ளே போய் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு, பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். மெஷினுக்கு எதிரே நின்று முறைப்படி குனிந்தார்.

அந்த நேரத்தில் அவர் சிலவற்றைக் கவனித்திருக்கலாம். நடைவழியில் வருஷக்கணக்காக நின்ற செருப்பு அலமாரியைக் காணோம். மெஷினின் இழுப்பறை கழற்றி வெளியே வைக்கப்பட்டிருந்தது. மிதிபலகையையும் சக்கரத்தையும் சேர்க்கும் தோல் பெல்ட்டும் அவிழ்ந்திருந்தது. இவர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நின்றார், எதிரி அவிழ்த்துப் போட்டுவிட்டு நின்றது. ஆனால் சண்டைக்குப் போகும் வீரன் செருப்பு அலமாரியைத் தேடுவானா?

ஆரம்பித்தார். குதிரை நிலை. ஒரு கை மேஜைப் பலகையின் அடியில், மற்றக் கை இரும்புச் சட்டத்தில். மூச்சை அடக்கித் தூக்கினார். முன்னால் ஒரு ஆள், பின்னால் ஒரு ஆள் என்று பிடித்தால்தான் வளைவில் மாட்டும். பக்கவாட்டில் நின்று, முதுகைச் சுவரோடு உரசிக்கொண்டு, நண்டு மாதிரி நகர்ந்தால் எங்கேயும் மாட்டாது. மெஷினும் லிஃப்ட்காரரும் கட்டிப்பிடித்தபடி நடைவழிக்குள் நுழைந்தார்கள்.

"இது பிடி!" என்று முழங்கினார். "இப்ப இடுப்புக்கு இழுக்கறேன் பாரு! வருதா?"

"அய்யய்யோ, வருதுங்க!"

நிலைவாசல் படி வந்தது. படியைத் தாண்ட ஒரு காலை மற்றக் காலுக்குக் குறுக்கே போட்டார். போட்ட காலைப் பார்த்து அவருக்கே புல்லரித்தது. கட்டாவில் குறுக்கே போடும் அதே கால்! வளைவு வந்தது. மெஷினின் ஒரு முனையை உள்ளே இழுத்து, மறுமுனையை வெளியே தள்ளி, முழங்கையை மடக்கித் திருப்பினார். கட்டாவில் முழங்கையால் அடிக்கும் அதே அசைவு. அடி மட்டும் சுவரில் விழுந்தது. சுவர் பொறுத்துக்கொண்டது. லிஃப்ட்காரரும் பொறுத்துக்கொண்டார்.

அப்போதுதான் அது நடந்தது. பெல்ட் இல்லாத மிதிபலகை சும்மா இருக்குமா? ஊஞ்சல் மாதிரி ஆடி வந்து அவருடைய கணுக்காலைப் பதம் பார்க்க நெருங்கியது. யோசிக்க நேரமில்லை. பாதம் தானாக மேலே எழுந்தது. மிதிபலகை காலடியில் காற்றாகப் போனது. பாதம் தானாகப் பழைய இடத்தில் இறங்கியது.

லிஃப்ட்காரர் மெஷினைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கிவிட்டது.

"கிடைச்சுடுச்சு! அந்தக் கால்! எதிரி கீழ காலை வீசறான். நம்ம காலை வாரப் பார்க்கறான். நாம காலைத் தூக்கித் தப்பிச்சுக்கறோம். அதே இடத்துல வைக்கறோம். ஏன்னா வேற இடமே கிடையாது!"

"எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது" என்றாள் மனைவி. "நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க. எதிரி மூச்சு வாங்கறதுக்குள்ள தள்ளிட்டுப் போங்க!"

முன்னறைக்குள் பாய்ந்தார்கள். "எங்க ஒடுக்கறது இவனை?" என்று கர்ஜித்தார் லிஃப்ட்காரர்.

"மூலைக்குத்தான். சன்னல் பக்கம். ஆனா உங்க நாற்காலி குறுக்கே கிடக்கே?"

"தூக்கி எறி அதை!"

சொல்லி வாய் மூடுவதற்குள் நாற்காலி நடைவழியில் போய்க்கொண்டிருந்தது. மெஷின் சன்னலுக்குக் கீழே போய் இறங்கியது. "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் ஒடுக்குங்க. இப்படி விட்டா எதிரி தப்பிச்சுடுவான்" என்று நாற்காலியை விட்டுவிட்டு வந்தவள் சொன்னாள். ஒடுக்கினார். "முகத்தைத் திருப்புங்க." திருப்பினார். வெளிச்சம் இப்போது ஊசிமேல் நேராக விழுந்தது.

லிஃப்ட்காரர் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து வெற்றி முழக்கம் செய்தார். அவர் முழக்கம் முடிந்தபோது இழுப்பறை உள்ளே போயிருந்தது, தோல் பெல்ட் மாட்டியிருந்தது. மனைவி ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"காலர் தைக்கறேன்."

"இங்கயா?"

"எதிரியைப் பிடிச்சுட்டீங்க. யாராவது காவல் இருக்கணும்ல?"

லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் செருப்பு அலமாரி ஞாபகம் வந்தது. முகம் சிவந்தது. ஆனாலும் மனிதர் மசியவில்லை. "நான் ஏமாந்துட்டேன்னு நினைக்காதே! கட்டா இந்தப் பக்கம் போன மாதிரியே அந்தப் பக்கமும் திரும்பி வரும். அதான் அதோட விசேஷம். உன் மெஷினை வந்த வழியே கொண்டுபோய் வைக்கறேன் பார்!"

"தாராளமா" என்று அவள் எழுந்து வழிவிட்டாள்.

குதிரை நிலையில் இறங்கினார். கையைப் பலகைக்கு அடியில் கொடுத்தார். மூச்சை அடக்கினார். இடுப்பில் எங்கேயோ 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கட்டா திரும்பத் தயாராகத்தான் இருந்தது. முதுகு இல்லை. இறங்கிய நிலையிலேயே, குதிரை இல்லாத சவாரிக்காரராக, அவர் பக்கவாட்டில் நகர்ந்து போய்ப் படுத்துக்கொண்டார். அவள் பின்னாலேயே தைலத்தோடு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை இடுப்பில் பட்டை சுற்றிக்கொண்டு வகுப்பில் நின்றார். செய்து காட்டினார். குறுக்கே போடும் கால், முழங்கை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தூக்கும் பாதம். எதிரி யார் என்று மட்டும் சொல்லவில்லை. "கனமானவன், வாயில்லாதவன், அடியில ஆடறவன்" என்றார். மாஸ்டர் தாடையைத் தடவினார். தானே ஒரு தரம் செய்து பார்த்தார். "பொருந்துது" என்றார். "எல்லாமே பொருந்துது. ஒத்துக்கறேன்." வகுப்பே கைதட்டியது. லிஃப்ட்காரர் பறந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். இடுப்பு அனுமதித்த அளவுக்குப் பறந்தார்.

"மாஸ்டரே ஒத்துக்கிட்டாரு! தெரியுமா?"

"இருக்காதா பின்னே" என்றாள் சன்னலடியில் இருந்தவள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. காலர்கள் எல்லாம் நேராக அடுக்கியிருந்தன. காலையில்தான் குழுத்தலைவர் வந்து பார்த்துவிட்டு, அடுத்த உடுப்புகளுக்கும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "இந்தக் கட்டாவை முதல்ல கண்டுபிடிச்சது யாருன்னு சொன்னீங்க?"

"பழைய காலத்து மாஸ்டர் ஒருத்தர்."

"அவர் இல்லீங்க. அவரோட சம்சாரம்."

சொல்லிக்கொண்டே அவள் காலால் ஒரு டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள். டப்பா நிறையக் கறுப்புப் பட்டன். பக்கத்தில் கறுப்புக் கோட்டுகளின் குவியல்.

"வீரன் சொன்ன சொல் தவறமாட்டான்" என்று மார்பை நிமிர்த்தினார் லிஃப்ட்காரர். டப்பாவையும் ஒரு கோட்டையும் எடுத்துக்கொண்டு, தன் நாற்காலி எங்கே என்று தேடினார். அது பின்னறையில், மெஷின் இருந்த இடத்தில், மஞ்சள் பல்புக்கு நேர்கீழே போட்டிருந்தது. உட்கார்ந்தார். நூலை நாக்கில் நனைத்து ஊசியில் கோத்தார். நூல் ஊசிக்கு வெளியே போனது. மறுபடி கோத்தார். ஊசியே எங்கோ போனது. கோட்டில் பட்டன் வைக்கும் இடத்தைத் தேடினார். எல்லா இடமும் ஒரே கறுப்பு. கண்ணில் தண்ணீர் வந்தது. இவ்வளவு வருஷமும் இவள் இப்படித்தான் தைத்தாளா என்று நெஞ்சில் சுருக்கென்றது. வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல அவர் என்ன, தோற்றவரா?

ஊசியை ஒரு கையிலும் நூலை மறுகையிலும் பிடித்துக்கொண்டு, நடைவழியில் பக்கவாட்டில் நகர்ந்து முன்னறைக்கு வந்தார். தலை நிமிர்ந்துதான் இருந்தது. குரலிலும் கம்பீரம் குறையவில்லை.

"இந்தா, கொஞ்சம் தள்ளி உட்காரு. எனக்கும் சன்னல் வெளிச்சம் வேணும்."

அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"பின்னறையில பல்பு இருக்குல்ல? பகல்லயும் எரியுமே."